இறால் குட்டையும் பாலாற்று நிலமும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

ஒரு கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் இறால் வளர்ப்பைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். வாலாஜாபேட்டையிலிருந்து கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கின்றது. நம் மக்கள் தோலை அறிவர், பீடியை அறிவர், கழனியை அறிவர். இறாலைச் சந்தையிற் கண்டிருப்பார்கள், அவ்வளவே. ஆயினும் இறாலின் கதை நம் கதையோடு பின்னிக் கிடக்கின்றது. அதனை எடுத்துக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

1996-ஆம் ஆண்டை நினைவிற் கொள்ளுங்கள். அவ்வாண்டு ஆகஸ்ட் 28-ஆம் நாள், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாலாற்றுப் படுகையைக் கெடுத்த தோல் பதனிடும் தொழிற்சாலைகளைப் பற்றிய வழக்கு அது. அதே ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள், அதே நீதிமன்றம் மற்றொரு தீர்ப்பை வழங்கிற்று. அது கடற்கரை இறால் பண்ணைகளைப் பற்றியது. இரண்டு அமர்வுகளுக்கும் தலைமை வகித்தவர் நீதியரசர் குல்தீப் சிங். மூன்றரைத் திங்களுக்குள் ஒரே நீதியரசரின் முன் தோலும் இறாலும் அடுத்தடுத்து வந்து நின்றன. இது தற்செயல் என்று கூறிவிடலாம். ஆனால் இரண்டு வழக்கிலும் மண்ணைக் கெடுத்த பொருள்களுள் முதன்மையானது உப்பு. இரண்டு வழக்கிலும் விளைந்த சரக்கு வெளிநாட்டுக்குச் சென்றது. இரண்டு இடத்திலும் அந்த உப்பின் நடுவே எஞ்சி நின்றவருட் பெரும்பாலோர் நம் மக்கள். இவை தற்செயல் அல்ல.

இறால் வளரும் முறை

முதலில் இறாலை அறிந்துகொள்வோம். வெப்ப நீரில் வாழும் இறால் வகைகள் 26 முதல் 32 பாகை செல்சியஸ் வெம்மையில் நன்கு வளர்வன. நம் கடற்கரைப் பண்ணைகளில் முதலில் வளர்க்கப்பட்டது பீனியஸ் மோனோடான் எனப்படும் புலி இறால். 2009-க்குப் பின் அமெரிக்கப் பசிபிக் கரையைத் தாயகமாகக் கொண்ட வனாமி இறால் அதன் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. பொரிப்பகத்திலிருந்து வாங்கிய குஞ்சுகளைக் குட்டையில் விட்டு, குருணைத் தீவனம் இட்டு, காற்றூட்டும் சக்கரங்களைச் சுழலவிட்டு, ஏறக்குறைய நான்கு மாதத்தில் அறுவடை செய்கின்றனர். ஆண்டுக்கு இரண்டு போகம் எடுக்கலாம். விலையோ நெல்லோடு ஒப்பிட முடியாத அளவு பெரிது.

இனி ஒரு கணக்கு. நம் பள்ளியில் ஏழாம் வகுப்பு பயிலும் பிள்ளையும் இதனைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேர் பரப்பும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள குட்டையில் 10,000 கன மீட்டர், அதாவது ஒரு கோடி லிட்டர் நீர் நிற்கும். கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. இறாலுக்கு 20 கிராம் உவர்ப்பு போதும் என்று கொள்வோம். அவ்வாறாயின் அந்த ஒரு குட்டையில் மட்டும் கரைந்து நிற்கும் உப்பு 200 டன். நீரை மாற்றும்போதெல்லாம் புதிய உப்பு உள்ளே வருகின்றது. பழைய உப்பு வாய்க்காலுக்குப் போகின்றது. வெயிலில் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. உவர்ப்பு மிகும்போது நன்னீர் கலந்து தணிக்க வேண்டும். அந்த நன்னீரை ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து இறைப்பார்கள். கடலோரத்தில் நிலத்தடி நன்னீரை மிகுதியாக இறைத்தால் அதன் இடத்தைக் கடல் நீர் வந்து நிரப்பும். ஆக, மேலிருந்து கசியும் உப்பு ஒன்று, கீழிருந்து ஏறும் உப்பு மற்றொன்று. இரண்டுக்கும் இடையில் அகப்படுவது பக்கத்துக் கழனியும் குடிநீர்க் கிணறுமே.

உப்போடு நில்லாது கழிவும் சேர்கின்றது. ஒரு டன் இறால் பெற ஒன்றரை டன் அளவுக்குத் தீவனம் வேண்டும். அத்தீவனத்திலுள்ள தழைச்சத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இறாலின் உடலில் சேர்வது அரிது. எஞ்சியது நீரிலும் அடிச்சேற்றிலும் தங்கி அழுகும். குஞ்சுகளை நெருக்கி விட விடக் கழிவு பெருகும். கழிவு பெருகப் பெருக நோய் பற்றும். நோய்க்கு அஞ்சி மருந்தைக் கொட்டுவர். மருந்தும் வாய்க்காலுக்கே வந்து சேரும். தைவான் நாடு 1987-இல் இறால் வளர்ப்பில் உலகின் முன்னணியில் நின்றது. அடுத்த ஆண்டே நோயினால் அதன் விளைச்சல் சரிந்து வீழ்ந்தது. நம் நாட்டில் 1994, 1995 ஆண்டுகளில் வெண்புள்ளி நோய் எனும் நச்சுயிரி நோய் பரவிக் குட்டை குட்டையாக இறால் மடிந்தது. முதல் போட்டவர் குட்டையைக் கைவிட்டு வேறு தொழில் தேடிச் சென்றார். குட்டையைத் தூர்த்து மீண்டும் கழனியாக்கும் செலவை ஏற்பார் யாருமில்லை.

முன்னோர் வளர்த்த முறை

இறால் வளர்ப்பே தீது என்று நாம் கூறவில்லை. கேரளத்தில் பொக்காளி என்றொரு முறை நெடுங்காலமாக இருந்து வருகின்றது. மழைக்காலத்தில் உவர்ப்புக் கழுவப்பட்ட வயலில், உப்பைத் தாங்கும் பொக்காளி நெல்லைப் பயிரிடுவர். அறுவடைக்குப் பின் மதகைத் திறந்து கழிமுக நீரை உள்ளே விடுவர். நீரோடு வந்த இறால் குஞ்சுகள் நெல்லின் தாளை ஒட்டி வளரும் சிற்றுயிர்களைத் தின்று வளரும். இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரம். தீவன மூட்டையும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். அடுத்த மழையில் உப்பு தானே கழுவப்பட்டுப் போகும். வங்காளத்துப் பேரிகளிலும் இவ்வாறே மீனும் இறாலும் வளர்ந்தன. விளைச்சல் குறைவுதான்; ஆனால் நிலம் நிலமாகவே இருந்தது, கூலியும் கூலியாகவே கிடைத்தது.

நம் தோல் தொழிலின் வரலாறும் இத்தகையதே. ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையைக் கொண்டு தோலைப் பதனிட்டனர். அதுவும் மாசற்ற தொழில் அன்று. அந்த நாற்றத்தையும் நமக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள். எனினும் குரோமியம் வந்து, ஏற்றுமதிக்கென உற்பத்தி பன்மடங்கு பெருகியபோதுதான் கிணறு கிணறாகக் கெட்டது. தொழில் செய்வதனால் மட்டும் ஊர் கெடுவதில்லை. மண்ணும் நீரும் தாங்கும் அளவைத் தொழில் தாண்டும்போதும், அந்த அளவைக் கேட்பார் இல்லாதபோதும் கெடுகின்றது.

நாகையில் நிகழ்ந்தது

இனி நாகைப் பகுதிக்குச் செல்வோம். கீழ்வெண்மணி என்ற பெயரை இங்குள்ள பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவில், கூலி உயர்வு கேட்ட குற்றத்திற்காக, நம் மக்கள் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். அக்கொடுமைக்குப் பின் அப்பகுதிக்குச் சென்று தங்கிப் பணியாற்றியவர்கள் சங்கரலிங்கம் ஜகந்நாதனும் அவர்தம் துணைவியார் கிருஷ்ணம்மாளும் ஆவர். கிருஷ்ணம்மாள் அம்மையார் 1926-இல் நம் சமூகத்தில், நிலமற்ற குடும்பத்தில் பிறந்து, அந்நாளிலேயே பட்டப் படிப்பு முடித்தவர். வினோபா பாவேயின் பூதான இயக்கத்தில் கணவருடன் ஊர் ஊராக நடந்தவர். 1981-இல் இவ்விருவரும் லாப்டி என்னும் அமைப்பை நிறுவினர். நிலமுடையோரோடு பேசி, வங்கிக் கடன் பெற்று, நிலத்தை விலைக்கு வாங்கி, நிலமற்ற குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களின் பெயரில், ஆளுக்கு ஓர் ஏக்கர் என்ற அளவில் பதிவு செய்து கொடுத்தனர். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இவ்வாறு முதன்முறையாக நிலம் கண்டன.

அந்த நிலத்தில் நெல் விளையத் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள், 1990-களின் தொடக்கத்தில், கடலோரத்தில் இறால் பண்ணைகள் வந்து இறங்கின. பெரு நிறுவனங்கள் ஏக்கர் கணக்கில் கழனிகளை வாங்கின. வாங்கிய கழனியைத் தோண்டிக் கடல் நீரை நிரப்பின. அதனைச் சுற்றியிருந்தோர் நிலை என்ன? பக்கத்து வயலில் உவர் ஏறிற்று. குடிநீர்க் கிணறு கரித்தது. கடலுக்குச் செல்லும் வழிகள் வேலியிட்டு அடைக்கப்பட்டமையால் மீனவர் சுற்றிப் போகலாயினர். நாற்று நடவு, களையெடுப்பு, அறுவடை, போரடிப்பு என்று ஆண்டில் பல மாதம் பெண்களுக்கு வேலை தந்த வயலில் இப்போது சில காவற்காரரும் தீவனம் இடுவோரும் போதும்.

இங்கு ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். நிலம் நம்மவர் பெயரில்தான் இருந்தது. பத்திரத்தை யாரும் பறிக்கவில்லை. ஆனால் உப்புக்குப் பத்திரம் தேவையில்லை. அது வரப்பின் அடியில் நடந்து வந்துவிடும். 1892-ஆம் ஆண்டு சென்னை மாகாண அரசின் ஆணைப்படி நம் முன்னோருக்குப் பஞ்சமி நிலம் வழங்கப்பட்டபோது, அதனைப் பிற வகுப்பார் வாங்கலாகாது என்று கட்டுப்பாடு விதித்தார்கள். அந்தக் கட்டுப்பாட்டையும் மீறிப் பறித்தவர் பலர். அவ்வாறு பறிபோகாமல் எஞ்சிய நிலத்தையும் உப்பு கொண்டு போகுமாயின் எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது? நிலத்தை இழத்தல் என்பது விற்பதாலும் பறிப்பதாலும் மட்டும் நிகழ்வதன்று, விளையாமற் போவதாலும் நிகழும் என்பதை நாகை நமக்குக் காட்டியது.

வழக்கும் தீர்ப்பும்

அம்மக்கள் சும்மா இருக்கவில்லை. பண்ணை வாயிலில் மறியல் செய்தனர், உண்ணாநோன்பு இருந்தனர், அடிபட்டனர், சிறை சென்றனர். எண்பது வயதை நெருங்கியிருந்த ஜகந்நாதன், கிராம சுயராஜ்ய இயக்கத்தின் தலைவர் என்ற முறையில் 1994-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தை நேரிற் சென்று ஆய்ந்து அறிக்கை தருமாறு நீதிமன்றம் பணித்தது. அந்நிறுவனத்தார் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் பண்ணைகளைப் பார்வையிட்டு அறிக்கை அளித்தனர். இறாலை விற்று வரும் வருவாயைக் காட்டிலும் அதனால் சுற்றுப்புறத்துக்கும் மக்கள் வாழ்வுக்கும் நேரும் இழப்பே மிகுதி என்பது அவ்வறிக்கையின் சாரம்.

1996 டிசம்பர் 11-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. 1991-ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைக்கு உட்பட்ட பகுதியில், அதாவது கடலோரத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள், புதுமுறை இறால் பண்ணைகள் கூடா என்றது நீதிமன்றம். இருப்பவற்றை 1997 மார்ச் 31-க்குள் அகற்றப் பணித்தது. பழைய முறைக்கும் திருந்திய பழைய முறைக்கும் விலக்கு அளித்தது. விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, சதுப்பு நிலம், ஊர்ப் பொது நிலம் ஆகியவற்றை இறால் குட்டையாக மாற்றலாகாது என்றது. மாசு செய்தவரே இழப்பீடு தரவேண்டும் என்ற கோட்பாட்டையும், தீங்கு நேருமுன் தடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டையும் இத்தீர்ப்பில் மீண்டும் எடுத்தாண்டது. மூன்றரைத் திங்களுக்கு முன் நம் பாலாற்று வழக்கில், இவை நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டப்பட்ட கோட்பாடுகள்தாம் இவை. வேலை இழக்கும் பண்ணைத் தொழிலாளருக்கும் ஆறு ஆண்டுக் கூலியைக் கூடுதல் இழப்பீடாகத் தர வேண்டும் என்றும் ஆணையிட்டது. ஏழை மக்கள் வெல்ல முடியும் என்பதற்கு இத்தீர்ப்பு ஒரு சான்று.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. மறு ஆய்வு மனுக்கள் வந்தன. பண்ணைகளை இடிப்பது நிறுத்தி வைக்கப்பட்டது. 2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றிற்று. அதன்படி பதிவு பெற்று நடத்தலாம். தடை உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் அளவுக்குச் சுருங்கிற்று. 2023-இல் செய்த திருத்தம் பொரிப்பகங்களுக்கு மேலும் இடம் கொடுத்து, மீறுவோருக்கு இருந்த சிறைத் தண்டனையையும் நீக்கித் தண்டத் தொகையாக்கியது. நீதிமன்றத்தில் ஒரு நாளில் வென்றதை, சட்டமன்றங்களிலும் அலுவலகங்களிலும் ஒவ்வொரு நாளும் காத்து நிற்க வேண்டும் என்பதை இதனால் அறிகின்றோம்.

நம் பாலாற்றின் நிலை

இப்போது வீட்டுக்குத் திரும்புவோம். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு உப்பைத் தூவி வைக்கின்றனர். தொழிற்சாலையில் முதல் வேலை அந்த உப்பைக் கழுவுவது. வாணியம்பாடி தொடங்கி ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வரை கழுவப்பட்ட உப்பு எங்கே சென்றது? ஏரிக்கும் ஆற்றுக்கும் கிணற்றுக்கும் சென்றது. பாலாற்றுப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமோ பகுதியோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்ற கணிப்பு 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே இடம்பெற்றுள்ளது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு மேட்டை இங்குள்ள எல்லோரும் அறிவோம்.

அத்தீர்ப்பின்படி அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001-இல் ஏறத்தாழ 29,000 பேருக்கு இழப்பீடு கணக்கிட்டது. ஆயினும் வழக்கு ஓயவில்லை. 2025 ஜனவரி 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, இழப்பீட்டைக் கொடுக்கவும், அதனை மாசு செய்தோரிடம் வசூலிக்கவும், பாலாற்றை மீட்கக் குழு அமைக்கவும் ஆணையிட வேண்டியதாயிற்று. முதல் தீர்ப்பு வந்த ஆண்டில் பிறந்த பிள்ளைக்கு அப்போது 28 வயது.

இழப்பீட்டிலும் ஒரு நுட்பம் உண்டு. நிலத்தின் பரப்பைக் கொண்டு இழப்பீடு அளந்தால், நிலமில்லாதவன் இழந்தது கணக்கில் வராது. அவன் இழந்தது கூலியை. அவள் இழந்தது பக்கத்துக் கிணற்றை. அவர்கள் பிள்ளை இழந்தது உடல்நலத்தை. இவற்றுக்குப் பட்டா இல்லை. 2015 ஜனவரி 31-ஆம் நாள் அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, அயலிலே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப்பேர் மாண்டனர். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். கழிவு எங்கே சேர்கின்றதோ அங்கே ஏழை படுத்திருக்கின்றான். வேறு இடம் கொடுக்கப்படாததனால் படுத்திருக்கின்றான்.

எது நிலைக்கும்?

"அந்நியச் செலாவணி வேண்டாமா?" என்று கேட்போர் உண்டு. 2022-23 நிதியாண்டில் நம் நாடு 7 லட்சம் டன்னுக்கு மேல் உறைந்த இறாலை ஏற்றுமதி செய்து ஏறத்தாழ 43,000 கோடி ரூபாய் ஈட்டியது. சிறிய தொகை அன்று. இறாலை உரித்துப் பதப்படுத்தும் கூடங்களில் பல்லாயிரம் பெண்கள் வேலை செய்கின்றனர். தோல் தொழிலும் அப்படியே. ஆம்பூரில் செருப்புத் தைக்கும் பெண்களின் கூலியால் எத்தனை குடும்பம் உண்கின்றது, எத்தனை பிள்ளை படிக்கின்றது என்பதை நாம் அறிவோம். ஆதலின் தொழிலை மூடு என்று ஒரே வாக்கியத்தில் கூறிவிட்டுப் போக நம்மால் இயலாது. அவ்வாறு கூறினால் முதலில் பட்டினி கிடப்பவரும் நம்மவரே. செலாவணியைக் கணக்கிடும் ஏட்டிலேயே கெட்ட கிணற்றையும் கணக்கிடுங்கள் என்றுதான் கேட்கின்றோம்.

இறால் வளர்ப்பு நிலைத்து நிற்க வழிகள் உண்டு. குஞ்சுகளை நெருக்காமல் விடுதல். நீரை வெளியேற்றாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்துதல். குட்டையின் அடியில் விரிப்பிட்டுக் கசிவைத் தடுத்தல். கழிவு நீரைத் தெளிய வைக்கத் தனிக் குட்டை வைத்தல். அலையாத்திக் காட்டை அழியாது காத்தல். நிலத்தடி நன்னீரைத் தொடாதிருத்தல். விளைநிலத்துக்கும் ஊருக்கும் எட்டி அமைத்தல். இவை யாவும் அறிஞர் ஒப்பிய வழிகள். சென்னையில் 1987-இல் நிறுவப்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் போன்றவை இத்துறையில் உழைத்து வருகின்றன. இவற்றுக்குச் செலவாகும் என்பதுதான் தடை. அந்தச் செலவைப் பண்ணை ஏற்காவிட்டால் பக்கத்துச் சேரி ஏற்கின்றது.

நம் பகுதிக்கு நெருங்கிய ஒரு செய்தியும் உண்டு. அரியானாவிலும் பஞ்சாபிலும், நிலத்தடி நீர் உவர்ந்து பயிருக்கு உதவாமற் போன உள்நாட்டு நிலங்களில் வனாமி இறாலை வளர்க்கின்றனர். கெட்ட நிலத்தில் வருவாய் கிடைக்கின்றது என்பது நல்லதே. இதனைக் கேள்விப்படும் ஒருவர், "பாலாற்றங்கரையிலும் நிலம் உவர்ந்துதானே கிடக்கின்றது, இங்கும் குட்டை வெட்டுவோம்" என்று நாளை நம்மிடம் வரக்கூடும். அன்று நாம் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். முதலாவது, அங்குள்ள உப்பு இயற்கையாக நிலத்தடியில் இருந்த உப்பு. இங்குள்ளது தொழிற்சாலை உப்பு, குரோமியம் முதலியவற்றோடு வந்த உப்பு. அந்நீரில் வளரும் உயிரை மனிதர் உண்ணலாம் என்று ஆய்வுக்கூடம் எழுதித் தருமா? இரண்டாவது, கடலோரத்தில் வெளியேற்றும் நீர் கடலையாவது சேரும். இங்கு அது எங்கே சேரும்? உள்நாட்டில் உப்புக்குப் போக்கிடம் இல்லை. சுத்திகரிப்பு நிலையங்களில் பிரித்தெடுத்த உப்பைக் குவித்து வைத்து என்ன செய்வதென்று தவிப்பதை நம் ஊரிலேயே பார்க்கின்றோமே!

உவர் ஏறாத ஏரிகளும் குளங்களும் நமக்கு இன்னும் உண்டு. அவற்றில் கெண்டை இன மீன்களோடு நன்னீர் இறாலைக் கலந்து, அளவாக விட்டு வளர்க்கலாம். அதன் குஞ்சுப் பருவத்துக்கு மட்டுமே சிறிது உவர்நீர் வேண்டும். அது பொரிப்பகத்தின் வேலை. குஞ்சு வளர்ந்தபின் குளத்து நன்னீர் போதும். உப்பைக் கொண்டுவந்து கொட்ட வேண்டியதில்லை. ஆனால் அங்கும் ஒரு கேள்வி உண்டு: ஏரியின் மீன் குத்தகை யாருக்குக் கிடைக்கின்றது? நம் பெண்களின் கூட்டுறவுக்குக் கிடைக்குமா, பணம் படைத்த ஒருவருக்கே போகுமா? எந்த நீர்த்தொழிலும் நிலைத்து நிற்பது மண்ணையும் நீரையும் மட்டும் பொறுத்ததன்று. அந்நீர்மேல் உரிமை உடையவர் யார் என்பதையும் பொறுத்தது. தன் கிணற்று நீரைக் குடிப்பவன் அதனைக் கெடுக்க மாட்டான். தான் குடிக்காத கிணற்றைக் கெடுப்பதே எளிது.

கல்வியின் கடமை

இதனாலேயே இப்பொருளை இவ்விழாவில் எடுத்துக்கொண்டோம். 1927 மார்ச் 20-ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மகாடு நகரில் சவுதார் குளத்துக்குச் சென்று நீர் அள்ளிப் பருகினார். பொது நீரைத் தொடும் உரிமைக்காக நடந்த போர் அது. அந்தக் குளத்து நீர் குடிக்கத் தக்கதா என்ற ஐயம் அன்று யாருக்கும் எழவில்லை. இன்று நம் ஊரில் எந்தக் குழாயையும் தொடலாம். அதில் வருவதைக் குடிக்கலாமா என்பதுதான் கேள்வி. மகாடுப் போரின் தொடர்ச்சி இது.

நம் கழகம் இருபத்தைந்து ஆண்டாகப் பிள்ளைகளைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அனுப்பி வந்திருக்கின்றது. அவர்கள் அலுவலர் ஆனார்கள், ஆசிரியர் ஆனார்கள், மகிழ்ச்சி. அடுத்த இருபத்தைந்து ஆண்டுக்கு ஒரு வேண்டுகோள் வைக்கின்றோம். கரைந்த உப்பை அளக்கும் சிறு கருவி இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றது. நம் விடுதி மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது தம் சேரிக் கிணற்றையும் ஊர்க் கிணற்றையும் அளந்து குறித்து வரட்டும். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைபொருள் இருக்கலாம், வேறு நீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. இந்த இரண்டு எண்ணையும் நம் தாய்மார்களும் மனத்தில் வைத்திருக்கட்டும். குரோமியத்தை அக்கருவி காட்டாது. அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும். ஆதலால் வேதியியல் பயிலும் நம் பிள்ளைகள் பெருக வேண்டும்.

கிராம சபையில் எழுந்து கேட்கப் பழகுவோம். வர இருக்கும் தொழிலுக்கு நீர் எங்கிருந்து வருகின்றது? கழிவு எங்கே போகின்றது? எத்தனை பேருக்கு, எத்தனை நாளுக்கு வேலை? நட்டத்தில் மூடினால் நிலத்தைச் சீர்செய்வது யார்? அனுமதிப் பத்திரத்தின் படி எங்கே? இவ்வைந்து கேள்விகளுக்கும் எழுத்தில் விடை பெற்ற ஊர் எளிதில் ஏமாறாது. நாகைப் பெண்கள் எழுதப் படிக்கத் தெரியாத நிலையிலும் இவற்றைத் தம் உடலால், மறியலால் கேட்டார்கள். கற்ற நாம் தாளிலும் கேட்க வேண்டாமா?

ஜகந்நாதன் ஐயா 2013 பிப்ரவரி 12-ஆம் நாள் மறைந்தார். கிருஷ்ணம்மாள் அம்மையாருக்கு 2020-இல் அரசு பத்மபூஷண் விருது அறிவித்துப் பெருமைப்படுத்தியது. விருதைக் காட்டிலும் பெரிது, கீழ்த்தஞ்சையில் நிலமில்லாதிருந்த பெண் ஒருத்தி தன் பெயரிலுள்ள ஓர் ஏக்கரில் நின்று நாற்று நடுவது. அந்த ஓர் ஏக்கரில் உப்பு ஏறாமல் காக்கும் அறிவையும் துணிவையும் நம் பிள்ளைகளுக்கு அளிப்பதே கல்வியின் பயன்.